கொடும்பாளூர் வேளிரும் சோழரின் ஈழப் படையாட்சியும்

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டத்திலுள்ள கொடும்பாளூரை இன்று மூவர்கோயிலுக்காகவே பலரும் அறிவர். பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுப்பித்த மூன்று விமானங்களில் இரண்டு இன்னும் நிற்கின்றன. கடற்காற்று எட்டாத இந்த ஊரை ஆண்ட இருக்குவேளிரை விட்டுவிட்டு, சோழர் கடல் கடந்து ஈழத்தில் நிறுவிய படையாட்சியின் தொடக்கத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் இடைப்பட்ட வழியில் இருந்ததால் வேளிரின் துணை இரு பேரரசுகளுக்கும் வேண்டியிருந்தது. அவர்கள் சோழர் பக்கம் நின்றனர். முதலாம் பராந்தகன் மகன் அரிகுலகேசரி, வேளிர்குலப் பெண் பூதி ஆதிச்ச பிடாரியை மணந்தான். பாண்டியன் இராசசிம்மன் ஈழத்தில் விட்டுச்சென்ற மணிமுடியை மீட்கப் பராந்தகன் படை அனுப்பினான். ஈழ மன்னன் நான்காம் உதயன் முடியோடு தெற்கே உரோகணத்துக்குள் புகுந்துகொள்ள, சோழப்படை அது கிட்டாமலே திரும்பியது. அடுத்து சுந்தரசோழன் காலத்தில் படை நடத்திச் சென்றவன் கொடும்பாளூர்ப் பராந்தகன் சிறியவேளான். அம்மன்னனின் 9ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 965இல், அவன் ஈழப் போர்க்களத்தில் பட்டான் என்பதைச் சோழர் கல்வெட்டே ஒளிக்காமல் சொல்கிறது. ஈழ மன்னன் நான்காம் மகிந்தனின் தளபதி சேனன், வல்லவன் என்று சுட்டப்படும் மன்னனின் படையை நாகதீபத்தில் முறியடித்ததாக ஈழத்து வரலாற்று நூலான சூளவம்சம் கூறுவதும் இக்காலத்து நிகழ்ச்சியே. இரண்டு படையெடுப்பிலும் குறை ஒன்றுதான்: போய்ப் பொருதுவதற்கு ஆள் இருந்தது, அங்கேயே தங்கிக் காப்பதற்கு ஏற்பாடு இல்லை.

அந்த ஏற்பாட்டைச் செய்தவன் முதலாம் இராசராசன். அப்போதைய ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் கூலி கொடுக்க முடியாமல் தன் படையே கலகம் செய்ய உரோகணத்துக்கு ஓடியிருந்தான். ஒரு குதிரை வணிகன் வழியே அச்செய்தி சோழருக்கு எட்டியது என்கிறது சூளவம்சம். 993ஐ ஒட்டி வடஈழம் மும்முடிச்சோழ மண்டலம் ஆயிற்று. அனுராதபுரத்தை விட்டுப் பொலன்னறுவையைத் தலைநகராக்கியது வெறும் இடமாற்றம் அன்று. உரோகணத்திலிருந்து வரும் பகையை மகாவலி ஆற்றுத் துறைகளிலேயே தடுக்க ஏற்ற இடம் அது. மாதோட்டத் துறைமுகம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. அங்கே தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி இராசராசேச்சுரம் என்னும் சிவன் கோயிலை எடுப்பித்தான். 1017இல் இராசராசன் மகன் இராசேந்திரனின் படை மகிந்தனையும் மணிமுடியையும் கைப்பற்றியது. மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டில் சிறையிருந்து இறந்தான். பின்னர் சோழ இலங்கேசுவரன் என்ற பட்டத்தோடு இளவரசரே அங்கு அமர்ந்ததைக் கந்தளாய்ப் பகுதிக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இது ஆட்சியே அல்ல, கொள்ளைக்கான அரசியல் என்று வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்பென்சர் வாதிட்டார். விகாரைகளை உடைத்துப் பொன் அள்ளிச் சென்றதைச் சூளவம்சம் வேதனையோடு பதிந்திருக்கிறது; சோழர் பெருமை பேசுவோர் அதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் கொள்ளை மட்டுமே நோக்கமென்றால், ஈழத்து ஊர்கள் நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் தஞ்சைப் பெரியகோயிலுக்கு அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டியிருக்க வேண்டியதில்லை. திருகோணமலை அருகே வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரில் கொடைகள் பெற்றதும் கொள்ளைக் கணக்கில் அடங்காது. பட்டுப்போன ஒரு தளபதியை வைத்துக் கொடும்பாளூருக்கு இவ்வளவு இடம் தரலாமா என்பது இன்னொரு கேள்வி. மும்முடிச்சோழ மண்டலத்தை வேளிர் ஆண்டதாக நான் சொல்லவில்லை. துணைக்குலத் தலைவனை நம்பி அனுப்பிய படை, அரச அதிகாரியும் இளவரசனும் நிலையாய் அமர்ந்த படையாட்சியாக மாறியது. அம்மாற்றம் எதிலிருந்து தொடங்கியது என்பதற்குச் சிறியவேளானின் சாவைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1070இல் ஈழ மன்னன் விசயபாகு பொலன்னறுவையை மீட்டதோடு சோழர் ஆட்சி முடிந்தது. வேளைக்காரர் எனப்பட்ட தமிழ்ப் படையினரோ அங்கேயே இருந்தனர். புத்தரின் பல் பேணப்பட்ட கோயிலைக் காப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்ட தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டிலிருந்து பொலன்னறுவையில் நிற்கிறது.