“எனது உடல்” என்னும் சொல்

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் நம் காலனியில் முதியவர் ஒருவர் இயற்கை எய்தினார். ஊரிலிருந்து உறவினர் வந்து சேர ஒரு பகல் ஆயிற்று. கூடத்தில் பெரியோர் வண்டிக்கும் புரோகிதருக்கும் ஏற்பாடு பேசிக்கொண்டிருக்கையில், அவருடைய எட்டு வயதுப் பேரன் என்னருகில் வந்து அமர்ந்தான். “மாமா, தாத்தாவின் உடலை நான்கு மணிக்கு எடுக்கிறோம் என்கிறார்களே, உடல் தாத்தாவினுடையது என்றால் தாத்தா எங்கே?” என்று கேட்டான். அழுதுகொண்டு கேட்டானில்லை, கணக்கில் ஐயம் கேட்பவன் போலக் கேட்டான். தெரிந்த மறுமொழிகள் இரண்டொன்று நாவரை வந்தன. அவற்றுள் எதனையும் சொல்ல எனக்குத் துணிவு பிறக்கவில்லை.

அச் சிறுவன் கேட்ட வினா மிகப் பழையது. அதனை ஆராய்ந்து அறிய முயன்றோர் வரலாறு நம் நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்டது. அதனுள் ஒரு சில பகுதிகளையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

பாலி மொழியிலுள்ள தீக நிகாயம் என்னும் பௌத்த நூலில் பாயாசி என்னும் சிற்றரசன் ஒருவன் வருகின்றான். கோசல நாட்டில் சேதவ்யா என்னும் ஊரை ஆண்டவன். மறுமை இல்லை என்பது அவன் கொள்கை. இதனை வாயளவில் சொல்லித் திரிந்தவன் அல்லன், சோதித்துப் பார்த்தவன். மரண தண்டனைக்குரிய கள்வன் ஒருவனை உயிருடன் ஒரு சாலில் இட்டு, வாயை ஈரத் தோலாலும் களிமண்ணாலும் அடைத்து, உலையில் ஏற்றச் செய்தான். அவன் இறந்தபின் சாலின் வாயை மெல்லத் திறந்து, உயிர் வெளியேறுகின்றதா என்று பார்த்தான். ஒன்றும் காணப்படவில்லை. வேறொரு கள்வனை உயிருடன் நிறுத்து, பின்னர் வில்லின் நாணால் கழுத்தை இறுக்கிக் கொன்று மீண்டும் நிறுத்தான். இறந்தபின் எடை மிகுந்ததாம். மற்றொருவனைத் தோல் வேறு, தசை வேறு, எலும்பு வேறாகப் பிரித்துத் தேடினான். அங்கும் உயிர் அகப்படவில்லை.

குமார காசியபர் என்னும் துறவி அவ்வூர்க்கு வந்தபோது பாயாசி இவற்றையெல்லாம் எடுத்துரைத்தான். துறவியின் விடைகள் உவமைகளாக வந்தன. “நீ பகலில் உறங்கிச் சோலைகளைக் கனவில் காண்கின்றாய், அருகில் நிற்கும் ஏவலர் நின் உயிர் போவதையோ வருவதையோ காண்கின்றனரா?” என்று வினவினார். உடலைப் பிரித்துத் தேடியதற்கு அவர் கூறிய உவமை மிக அழகியது. தீயைக் காக்குமாறு விடப்பட்ட சிறுவன், தீ அவிந்ததும், தீக்கடை கோலைச் சிறு சிறு துண்டாகப் பிளந்து, உரலிலிட்டு இடித்து, காற்றில் தூற்றித் தீயைத் தேடினானாம். எடை பற்றிய விடை அவ்வளவு சிறந்தது என்று சொல்லற்கில்லை. காய்ச்சிய இரும்புக் குண்டு எடை குறையும் என்றார். இன்றைய பள்ளி மாணவன் இதனை ஒப்புக்கொள்ள மாட்டான்.

இதே கதையைச் சமணரும் தம் ஆகமத்துள் ராயபசேணியம் என்னும் நூலில் சொல்லியிருக்கின்றனர். அங்கே அரசன் பெயர் பயேசி, துறவி பெயர் கேசி. ஆனால் அந்நூலில் கள்வனின் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காற்று நிரப்பிய தோற்பையும் வெறும் தோற்பையும் எடையில் வேறுபடுவதில்லை என்று கேசி விடை பகர்கின்றார். ஒரே துலாக்கோல், இரு சமயத்தார் கையில் இரு வேறு எடை காட்டிற்று! இதைக் கண்டு நகைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. 1907ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹேவர்ஹில் என்னும் ஊரைச் சேர்ந்த டங்கன் மக்டூகல் என்ற மருத்துவர், இறக்கும் நிலையிலிருந்த நோயாளர் அறுவரைக் கட்டிலோடு நிறுத்துக் கண்ட முடிவை வெளியிட்டார். முதல் நோயாளரிடம் ஏறக்குறைய 21 கிராம் குறைந்தது. ஏனையோரிடம் அதே அளவு கிடைக்கவில்லை. பதினைந்து நாய்களையும் நிறுத்தார். அவற்றில் குறைவே காணவில்லை என்றார். இன்றும் 21 கிராம் என்னும் கணக்கைச் சிலர் சொல்லக் கேட்கின்றோம்.

அரசனும் மருத்துவரும் எதிரெதிர்க் கொள்கையினர். ஆயினும் இருவரும் ஒன்றில் உடன்பட்டனர். உயிர் என்பது உண்டாயின், பெட்டிக்குள் இருக்கும் பொருள் போல அது உடலுக்குள் இருத்தல் வேண்டும் என்று இருவரும் எண்ணினர். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

பஞ்சாபில் சாகலம் என்ற நகரிலிருந்து ஆண்ட மிலிந்தன் என்னும் யவன வேந்தனும் இதே எண்ணத்தோடுதான் நாகசேனரை அணுகினான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்டவன் அவன். இன்று பாகிஸ்தானத்திலுள்ள சியால்கோட்டே அந்நகர் என்பர். ‘நாகசேனன் என்பது வெறும் பெயர், அப் பெயர்க்குரிய ஆள் ஒருவர் உள்ளே இல்லை’ என்றார் துறவி. அச்சு தேரா, உருளை தேரா, நுகம் தேரா என்று கேட்டு, உறுப்புகளின் கூட்டத்திற்கு இட்ட பெயரே தேர் என்று காட்டினார்.

நம் தமிழிலும் இவ்வழக்கு நிகழ்ந்தது. மணிமேகலை வஞ்சி மாநகரில் மாதவன் வடிவு கொண்டு சமயவாதியரின் கொள்கைகளைக் கேட்கின்றாள். அவருள் பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்துக் கள்ளின் மயக்கம் தோன்றுவது போல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு தோன்றும் என்கின்றான். பிரிந்தால் பறையின் ஓசை போல அழியும் என்கின்றான். கண்ணால் கண்டதே உண்மை என்பது அவன் துணிபு. அவனை நோக்கி மணிமேகலை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகின்றாள். வாதத்தில் வெற்றி யாருக்கென்பது ஒருபுறமிருக்க, கூர்மையான கேள்வி.

பூதவாதியின் கொள்கைக்கும் நாகசேனர் வகுத்த பௌத்தக் கொள்கைக்கும் மிக விரிவான மறுப்பு தந்தவருள் ஒருவர் மெய்கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர். அவர் அருளிய சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் மூன்றாவது, உயிர் உண்டு என்பதற்கே உரியது. உடலில் உயிரைத் தேடி, இது அன்று, இது அன்று என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, ‘இல்லை’ என்று முடிவு கூறுகின்றவன் எவனோ அவனே உயிர் என்பது முதற் காரணம். பாயாசி இதனைக் கேட்டிருப்பின் சற்றுத் திகைத்திருப்பான். பிரெஞ்சு அறிஞர் தேகார்த்து, ஐயுறுகின்றவனை ஐயுற இயலாது என்னும் கருத்தினை 1637இல் வெளியிட்டார். அதற்கு முந்நூறு ஆண்டுகட்கு மேற்பட முந்தியது நம் நூல். உறக்கத்தில் மூச்சு இயங்குகின்றது, ஆயினும் உடல் உண்பதில்லை, தொழில் செய்வதில்லை. ஆதலால் உடலும் உயிரன்று, மூச்சும் உயிரன்று என்பது மற்றொரு காரணம்.

நம் சிறுவனைத் தடுத்து நிறுத்திய காரணமும் அச் சூத்திரத்தில் உள்ளது. ‘எனது உடல்’ என்கின்றோம். எனது வீடு என்றால் வீடு வேறு, நான் வேறு. அதுபோல எனது உடல் என்பதால் உடலின் வேறாய் ஒருவன் உளன் என்பது மெய்கண்டார் கருத்து.

இவ்விடத்தில் இலக்கண நூலார் வந்து வழி மறிக்கின்றனர். மெய்கண்டாருக்கு ஏறக்குறைய அதே காலத்தவரான பவணந்தி முனிவர் தம் நன்னூலில், ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என இருவகையாக்கினார். சாத்தனது வீடு என்பது பிறிதின் கிழமை. வீட்டை விற்றபின்னும் சாத்தன் சாத்தனே. மரத்தினது கிளை, நெல்லினது குவியல் என்பன தற்கிழமை. கிளை, வேர், அடி அனைத்தையும் எடுத்துவிட்டால் ‘மரம்’ என்று தனியே ஒன்று எஞ்சுவதில்லை. குவியலை அள்ளிவிட்டால் நெல்லும் இல்லை. அவ்வாறாயின், ‘எனது உடல்’ எவ்வகைக் கிழமை? மெய்கண்டார் பிறிதின் கிழமை என்பார். பூதவாதி தற்கிழமை என்பான். நாகசேனரின் தேரும் தற்கிழமையே. இரண்டாயிரம் ஆண்டு வழக்கு முழுவதும் ஓர் உருபின் மேல் நிற்கின்றதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேலும், எனது உடல் என்பது போலவே எனது உயிர், எனது மனம் என்றும் கூசாமல் சொல்கின்றோம். அங்கே உடையவன் யார்? சைவ அறிஞர்க்கு இதற்கும் விடை உண்டு. எனக்கு அது முழு நிறைவு தந்ததில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இக்காலத்து ஆராய்ச்சி வழக்கை முடித்துவிடவில்லை. வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்டோரை 1960களில் கலிபோர்னியாவில் ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். 1981இல் நோபெல் பரிசும் பெற்றார். அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகா பின்னர் அத்தகைய நோயாளர் ஒருவரின் இடப் பாதிக்குக் கோழியின் காலையும், வலப் பாதிக்குப் பனி மூடிய காட்சியையும் காட்டினார். பொருத்தமான படத்தைச் சுட்டச் சொன்னபோது, ஒரு கை கோழியையும் மறு கை மண்வாரியையும் சுட்டின. பனியைப் பேசும் பாதி அறியாது. மண்வாரி எதற்கு என்று கேட்டதற்கு, கோழிக்கொட்டிலைத் துப்புரவு செய்ய என்று அவர் தயக்கமின்றி விடை கூறினார். காரணம் கற்பிக்கும் அந்த ‘நான்’, தன்னை முழு உடலுக்கும் உடையவனாகவே கருதிற்று.

1998இல் கிறிஸ்டோஃப் காக் என்ற நரம்பியல் அறிஞரும் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞரும் பந்தயம் கட்டினர். மூளையில் உணர்வு எவ்வாறு எழுகின்றதென்பது 25 ஆண்டுகளில் தெளிவாகும் என்றார் காக். 2023இல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்பி, பந்தயப்படி திராட்சை மதுவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சென்ற மாதம் அம் முதியவரின் ஆண்டு நினைவு வந்தது. அலமாரியில் அவருடைய மூக்குக் கண்ணாடி அப்படியே இருக்கின்றது. தாத்தாவின் கண்ணாடி என்றே எல்லோரும் சொல்கின்றனர். சிறுவன் மறக்கவில்லை. கேட்ட கேள்விக்கு விடை என்னவாயிற்று என்றான். விடைக்குப் பதிலாகப் பாயாசியின் கதையைச் சொன்னேன். சால், துலாக்கோல், தீக்கடை கோல் எல்லாவற்றையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சாலுக்குள் போட்டார்களே, அந்தத் திருடன் பெயர் என்ன, மாமா?” என்றான்.

வீட்டுக்கு வந்து நூலை மறுபடியும் புரட்டினேன். அரசன் பெயர் உண்டு. துறவி பெயர் உண்டு. ஊர்ப் பெயரும், ஊர்க்கு வடக்கேயுள்ள சோலையின் மரப் பெயரும் உண்டு. கள்வனின் பெயர் இல்லை.