படுக்கை அடுக்குகளிலிருந்து அறைகளுக்கு: நெதர்லாந்தின் குடிபெயர்வுக் கப்பல்களில் வாழ்வும் அரசின் கொள்கையும் (1947–1963)

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்தை விட்டுக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றவர்கள் பல லட்சம் பேர். 1952ஆம் ஆண்டில் மட்டும் 48,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். இவர்கள் ஏன் போனார்கள், போன இடத்தில் எப்படி வேரூன்றினார்கள் என்பது விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட கடற்பயணமோ பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்தப் பயணமே தனியாக ஆராயத்தக்க ஒரு வரலாற்றுக் களம் என்று இக்கட்டுரை கருதுகிறது. கப்பலில் யார் எங்கே படுத்தார்கள், யாருடன் வழிபட்டார்கள், என்ன கற்றுக்கொண்டார்கள் என்பவற்றைப் பின்தொடர்ந்தால், தன் குடிமக்கள் வெளியேறுவதை அரசு முதலில் வெறுமனே அனுமதித்ததும், பின்னர் தானே முன்னின்று நடத்தியதும் தெளிவாகப் புலப்படும்.

வெளியேற்றத்தின் பின்னணி

1940 மே மாதக் குண்டுவீச்சில் ராட்டர்டாம் நகரின் மையப்பகுதி அழிந்தது. 1944–45 குளிர்காலப் பஞ்சம் மேற்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. போர் முடிந்தபோது வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. திருமணமான இளந்தம்பதியர் பெற்றோர் வீட்டு மாடியறையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1900இல் சுமார் 50 லட்சமாக இருந்த மக்கள்தொகை நூற்றாண்டின் நடுவில் ஒரு கோடியை எட்டிவிட்டது. வேளாண் குடும்பங்களின் இளைய மகன்களுக்குப் பிரித்துக் கொடுக்க நிலம் இல்லை.

போக விரும்பியோர் பலர் இருந்தும் அவர்களை ஏற்றிச் செல்லக் கப்பல் இல்லை. நெதர்லாந்தின் பயணிக் கப்பல்களில் கணிசமானவை போரில் மூழ்கியிருந்தன. எஞ்சியவற்றையும் புதிதாக வாங்கியவற்றையும் அரசு தன் காலனியாக இருந்த இந்தோனேசியாவுக்குப் படை அனுப்பப் பயன்படுத்தியது. ஆகவே தொடக்க ஆண்டுகளில் குடிபெயர்வோருக்குக் கிடைத்தவை, படை வேலைக்கு நடுவே ஓய்ந்திருந்த கப்பல்களே.

படைக்கலங்களின் மறுபயன்பாடு

இவ்வரலாற்றின் மையத்தில் நிற்பவை க்ரோட்ட பேர், வாட்டர்மன், ஸாய்டர்க்ரைஸ் என்னும் மூன்று கப்பல்கள். 1944–45இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, ஓரிகன் மாநிலக் கப்பல் கட்டும் தளங்களில் ‘விக்டரி’ வகைப் போர்க்காலச் சரக்குக் கப்பல்களாக இவை உருவாயின. நீளம் சுமார் 139 மீட்டர், அகலம் சுமார் 19 மீட்டர். விரைவாகக் கட்டுவதும் நிறையச் சரக்கு ஏற்றுவதுமே வடிவமைப்பின் நோக்கம். மனிதர் வசதி கணக்கில் இல்லை. போர் முடிந்த ஓரிரு ஆண்டுகளில் நெதர்லாந்து அரசு மூன்றையும் வாங்கி, நிர்வாகத்தைத் தனியார் கப்பல் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது.

இவற்றோடு பழைய கப்பல்களும் ஓடின. ஃபோலண்டாம் 1940 ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து கனடாவுக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்றபோது நீர்மூழ்கித் தாக்குதலுக்கு உள்ளானது. குழந்தைகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். பழுதுபார்க்கப்பட்ட கப்பல் படைகளை ஏற்றியது, பின்னர் குடிபெயர்வோரையும் ஏற்றியது. கனடாவுக்குக் குடியானவர்களைக் கொண்டுசென்ற கோட்டா இன்டன், 1951 மார்ச்சில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்த முன்னாள் காலனியப் படைவீரர்களின் முதல் குழுவைக் குடும்பங்களோடு ராட்டர்டாமில் இறக்கியது. ஒரு நாட்டின் போரும் காலனிய இழப்பும் குடிபெயர்வும் ஒரே இரும்புத் தளங்களின் மேல் நடந்தேறின என்பதை மறந்துவிட்டு அந்தத் தளங்களின் வாழ்வைப் புரிந்துகொள்ள முடியாது.

முதற்கட்டம்: ஆண்கள் ஒரு தளம், பெண்கள் ஒரு தளம்

1947 ஜூனில் வாட்டர்மன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிபெயர்வோருடன் ராட்டர்டாமிலிருந்து கனடாவின் மான்ட்ரியல் சென்றது. பெரும்பாலோர் வேளாண் குடும்பத்தினர். அங்குள்ள பண்ணையாளர் ஒருவர் வேலையும் தங்குமிடமும் தர முன்வந்தால்தான் குடும்பத்துக்கு அனுமதி கிடைக்கும் என்பது அன்றைய ஏற்பாடு.

படைவீரர்களுக்காகச் சரக்கறைகளில் அமைக்கப்பட்ட பொதுப் படுக்கைக்கூடங்களே இவர்களுக்கும் ஒதுக்கப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். நடுவே ஒருவர் ஒடுங்கி நடக்கும் அளவுக்கு இடைவெளி. ஆண்களும் வளர்ந்த பையன்களும் ஒரு கூடத்தில், பெண்களும் சிறு குழந்தைகளும் வேறு கூடத்தில். கணவனும் மனைவியும் பகலில் மேல்தளத்தில் சந்தித்துக்கொண்டார்கள். அட்லாண்டிக் கடல் கொந்தளித்த நாட்களில் இந்தப் பிரிவினையின் முழுச் சுமையும் தாய்மார் தலையில் விழுந்தது. தாமே குமட்டலில் துவண்டு கிடக்கும்போது நான்கைந்து குழந்தைகளையும் அவர்கள் தனியே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தைகளின் துணிகளைத் துவைப்பதும் உலர்த்துவதும் அன்றாடப் போராட்டம். நாடு விட்டுப் போகும் முடிவு பெரும்பாலும் கணவன் பெயரில் எழுதப்பட்டது. அதன் முதல் விலையைக் கடலிலேயே செலுத்தியவர்கள் பெண்கள். குடிபெயர்வு வரலாறு இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடக் கூடாது.

ஆனாலும் உணவைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் இனிமையானவை. நெதர்லாந்தில் பங்கீட்டு முறை முற்றாக நீங்கியது 1952 தொடக்கத்தில், காப்பி கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டபோதுதான். அட்டையைக் காட்டி அளந்து வாங்கிப் பழகிய குடும்பங்களுக்குக் கப்பலின் வெள்ளை ரொட்டியும் இறைச்சியும் பழங்களும் பெருவிருந்தாகத் தெரிந்தன. கடல் அலைக்கழித்த நாட்களில் அதை உண்ண முடியாமல் போனதே பலருடைய குறை.

கொள்கை மாற்றமும் கப்பல் மாற்றமும்

1949 டிசம்பர் 27 அன்று நெதர்லாந்து இந்தோனேசியாவிடம் இறையாண்மையை ஒப்படைத்தது. அடுத்த சில நாட்களில், 1950 புத்தாண்டு உரையில், பிரதமர் வில்லெம் ட்ரேஸ் மக்களில் ஒரு பகுதியினர் துணிந்து பெரிய நாடுகளில் வாழ்வு தேட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். 1951இல் ஆஸ்திரேலியாவுடன் பயணச் செலவைப் பகிரும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 1952இல் குடிபெயர்வு நிர்வாகத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

மூன்று விக்டரி கப்பல்களின் பெரும் சீரமைப்பும் 1951–52இல்தான் நடந்தது. இந்தக் காலப் பொருத்தம் தற்செயலானதல்ல. இந்தோனேசியாவிலிருந்து படைகள் திரும்பியதால் கப்பல்கள் விடுபட்டன. குடிபெயர்வு அரசின் திட்டமாகிவிட்டதால், குடும்பங்களைப் படைவீரர் போல அடைத்து அனுப்புவதும் இனிப் பொருந்தவில்லை. மேற்கட்டுமானம் விரிந்தது, பெருங்கூடங்களின் இடத்தில் அறைகளும் சிறு கூடங்களும் வந்தன, உணவுக்கூடம், ஓய்வறை, குழந்தைகள் விளையாடும் இடம் அமைந்தன. ஒவ்வொரு கப்பலிலும் பயணிகள் எண்ணிக்கை ஏறத்தாழ 800 முதல் 900 என்ற அளவுக்குக் குறைந்தது. அப்போதும் பல குடும்பங்கள் இரவில் பிரிந்தே தங்கின. பல பேர் படுக்கும் அறையில் வேற்றுக் குடும்பத்துப் பெண்கள் சேர்ந்திருப்பது வழக்கம். எனினும் பயணியை எண்ணிக்கையாகப் பார்த்த ஏற்பாடு, அவரைக் குடும்பத்தினராகப் பார்க்கும் ஏற்பாடாக நகர்ந்தது.

மிதக்கும் சமூகம்

கனடா ஒன்பது பத்து நாள் பயணம்; ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரு மாதத்துக்கும் மேல். நெடும்பயணத்தில் அன்றாட வாழ்வுக்கு ஒழுங்கு தேவைப்பட்டது. ஆங்கில வகுப்புகள், போகும் நாட்டைப் பற்றிய உரைகள், திரைப்படம், குழந்தைகளுக்குப் பாடம், பூமத்தியரேகையைக் கடக்கும்போது கடல்தேவன் வேடமிட்ட கொண்டாட்டம் என நாட்கள் நிரப்பப்பட்டன. செங்கடலின் வெக்கையில் கீழ்த்தள அறைகளில் தூங்க முடியாதவர்கள் பாயும் போர்வையுமாக மேல்தளத்துக்கு வந்தனர்.

அக்கால நெதர்லாந்தில் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர், சோசலிஸ்டுகள் ஆகியோர் தத்தமக்கெனப் பள்ளி, செய்தித்தாள், தொழிற்சங்கம் என்று தனித்தனி உலகங்களில் வாழ்ந்தனர். குடிபெயர விண்ணப்பிக்கும் அலுவலகங்களும் அவ்வாறே பிரிந்திருந்தன. கப்பலிலும் பாதிரியாரும் போதகரும் சமூகப் பணியாளரும் உடன் சென்றனர். வழிபாடுகள் தனித்தனியே நடந்தன. ஆனால் சாப்பாட்டு மேசையும் துவைக்கும் தொட்டியும் எல்லாருக்கும் பொது. சொந்த ஊரில் ஒருவர் கடையில் ஒருவர் ரொட்டி வாங்காத மக்கள், இங்கே ஒரே அறையில் ஒருவர் குழந்தையை மற்றவர் தாலாட்டினர். இந்தக் கலப்பு நிலைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கனடாவில் இறங்கிய சீர்திருத்தச் சபையினர் விரைவிலேயே தமக்கென ஆலயங்களையும் பள்ளிகளையும் எழுப்பிக்கொண்டனர்.

முடிவுரை

1950களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் வேலையும் வருமானமும் பெருகின. வானூர்தியும் போட்டிக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நாடு இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் தொழிலாளரை வரவழைக்கத் தொடங்கியிருந்தது. 1963இல் க்ரோட்ட பேரும் வாட்டர்மனும் கிரேக்க உரிமையாளருக்கு விற்கப்பட்டன. ஸாய்டர்க்ரைஸ் கடற்படையிடம் சென்றது.

இக்கப்பல்களின் வசதிகள் மேம்பட்டதைக் கருணையின் வளர்ச்சியாக மட்டும் படிப்பது போதாது. காலனியை இழந்த அரசு, தன் மக்கள்தொகையைத் திட்டமிட்டுக் குறைக்க முனைந்தபோதுதான் பயணியின் படுக்கையும் அதன் கவனத்துக்கு வந்தது. எனவே குடிபெயர்வுக் கொள்கையை ஆராய்வோர் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் படிக்கும் அதே அக்கறையோடு கப்பல்களின் தள வரைபடங்களையும் படிக்க வேண்டும். தன் குடிமக்களை ஓர் அரசு எப்படி மதித்தது என்பதற்கு, அவர்களை எங்கே படுக்க வைத்தது என்பதும் நேரடிச் சான்று.