போடி ஸ்டேஷன் போட்டோ

போன கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி, "தாத்தா, நம்ம வீட்டு போட்டோவையெல்லாம் ஒரு புத்தகமாப் போடுங்க" என்றாள். கம்ப்யூட்டரில் கடிதம் அடிப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. இருந்தாலும் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன்.

முந்நூறு படங்களுக்கு மேல் இருந்தன. கறுப்பு அட்டை ஆல்பத்தில் மூலை ஒட்டிச் செருகியவை சுலபமாக வந்துவிட்டன. எண்பதுகளில் வாங்கிய பசை ஆல்பம்தான் படுத்தியது. அவசரப்பட்டு இழுத்து இரண்டு படங்களைக் கிழித்தேன். பிறகு பூக்கட்டும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெல்ல அறுப்பதுபோல இழுத்தால் வருகிறது என்று கண்டுகொண்டேன். எல்லாவற்றையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, அறுபதைப் பொறுக்கி, வருஷவாரியாக அடுக்க உட்கார்ந்தேன்.

பாதிப் படங்களில் தேதி இல்லை. அங்கே நம்ம ஊர்ச் சரித்திரம்தான் கைகொடுத்தது. சித்தி வைகை அணைப் பூங்காவில் நிற்கிற படமா? அணை திறந்தது 1959 சனவரியில், அதற்குப் பிந்தியதுதான். படத்தின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையில் 'மதுரை மாவட்டம்' என்றிருக்கிறதா? தேனி தனி மாவட்டமானது 1996-ல். பெரும்பாலும் அதற்கு முந்தியது.

இப்படிக் கணக்குப் போட்டு வரும்போது ஒரு படம் மட்டும் இடித்தது. போடி ஸ்டேஷனில் தாத்தா மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பின்னால் ரயில். படத்தின் பின்பக்கம் பென்சிலில் எங்கள் பெரிய அத்தையின் பெயர். அத்தை பிறந்தது 1942. அப்படியானால் படம் 1945.

ஆனால் 1945-ல் போடிக்கு ஏது ரயில்? 1928-ல் வந்த மதுரை–போடி பாதையை, இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு வேண்டும் என்று 1942-ல் பெயர்த்துவிட்டார்கள். மறுபடி தண்டவாளம் போட்டது ஐம்பதுகளில். அப்போது அத்தைக்குப் பத்து வயதுக்கு மேல். படத்தில் தாத்தாவுக்கு ஒரு நரை கூட இல்லை. எப்படிப் பார்த்தாலும் படம் 1942-க்கு முந்தியது.

உத்தமபாளையத்துக்குப் போய் அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நானில்லப்பா. எனக்கு மூத்தவ. காய்ச்சல்ல போயிட்டா. அவ பேரைத்தான் எனக்கு வச்சாங்க."

"எங்க யாருக்குமே தெரியாதே, அத்தை?"

"ஒங்க அப்பத்தா அந்தப் பேச்சை எடுக்கவே விடாது. என்னைக் கூப்பிடுறப்பக்கூடப் பேர் சொல்லாது, 'பாப்பா'ம்பாக."

அறுபது வருஷமாக அந்தப் படத்தை அத்தை என்றே நாங்கள் எல்லோரும் சொல்லிவந்தோம். பெயர் எழுதியிருந்தது, வருஷம் எழுதவில்லை. அவ்வளவுதான் பிழை. அத்தையும் இல்லாமல் போயிருந்தால், அப்படி ஒரு குழந்தை இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலக உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறார்கள். படத்தை அவர்கள் காப்பாற்றலாம். படத்தில் இருப்பது யார் என்று வீட்டுப் பெரியவர்கள்தானே சொல்ல வேண்டும்?

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்குப் பிள்ளைகள் வரும்போது ஆல்பத்தை இறக்குங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், உறவு, ஊர், வருஷம் நான்கையும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சிலால் ஓரமாக எழுதினால் போதும்.

புத்தகம் நாற்பது பக்கத்தில் அச்சாகி வந்துவிட்டது. முதல் பிரதியை அத்தையிடம் கொடுத்தேன். போடி ஸ்டேஷன் படத்துக்குக் கீழே அதே பெயரைத்தான் போட்டிருக்கிறேன். பக்கத்தில் 'மூத்தவள், 1942-க்கு முன்' என்று சேர்த்திருக்கிறேன். அத்தை அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கலாம்ல?" என்றார்.

அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன்.