ஒரே ராஜா, ரெண்டு எழுத்து: செங்கம் நடுகற்கள்

போன எபிசோட்ல சீன எழுத்தைப் பத்திப் பேசினோம். ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறின எழுத்து, தூரிகையால எழுதும்போது எப்படி உருவம் மாறிச்சுன்னு பார்த்தோம். இன்னைக்கு நம்ம ஊருக்கு வருவோம். ஜவ்வாது மலையிலிருந்து தெற்கே இறங்கினா செங்கம். மலைபடுகடாமின் பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர். இந்த வட்டாரத்துல வயலோரம், ஏரிக்கரை, புளியமரத்தடின்னு எங்கே பார்த்தாலும் நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைத் தேடிப் படித்து 1970களின் தொடக்கத்தில் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது.

அதுல ஒண்ணு எடத்தனூர் கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்துபோனான். அவனோட நாய் ரெண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அவனுக்குக் காவல் நின்றது. நாயின் பேர் கோவிவன். வீரனுக்குப் பக்கத்திலேயே அதையும் செதுக்கி, பேரையும் வெட்டி வச்சிருக்காங்க.

இந்தக் கல்லின் எழுத்து வட்டெழுத்து. ஆனா இதே மகேந்திரவர்மன் காலத்துல, செங்கல்பட்டு பக்கம் வல்லம் குடைவரையில வெட்டின கல்வெட்டு வேற எழுத்து. இன்னைக்கு நாம எழுதுற தமிழெழுத்தின் முன்னோடி அது. மண்டகப்பட்டுல கேட்டா கிரந்தம், மொழியும் சமஸ்கிருதம். ராஜா ஒருத்தர்தான், எழுத்து மட்டும் இடத்துக்கு இடம் மாறுது!

ஏன்? ரெண்டும் பிராமியிலிருந்து வந்தவைதான், வழி வேற. நம் குகைகளில் இருக்கிற தமிழ் பிராமி மெல்ல மெல்ல வளைந்து வட்டெழுத்து ஆனது. ஓலையில எழுத்தாணி நேர்கோடு இழுத்தா ஓலை கிழியும், அதனால வளைந்ததுன்னு சொல்வாங்க. இன்னொன்று பல்லவர் அரண்மனை வழி. கிரந்தத்தோடு சேர்ந்து வளர்ந்தது. ஆனா சமஸ்கிருதத்துக்கு ழ, ற, ன தேவையில்லையே? தமிழ் எழுதணும்னா அதையெல்லாம் பழைய தமிழ் மரபிலிருந்து வாங்கித்தான் ஆகணும். என் கணிப்பு இதுதான்: எடத்தனூர் கல்லை வெட்டினவர் காஞ்சியைப் பார்த்து எழுதல. ஊர்ல தெரிந்த கையெழுத்தில் எழுதினார்.

கடைசியில அரண்மனை எழுத்துதான் நின்றது. தொண்டை மண்டலத்துல வட்டெழுத்து சீக்கிரம் மறைந்தது. பாண்டிய நாட்டில் சோழர் வரும்வரை ஓடியது. கேரளத்தில் இன்னும் நெடுங்காலம். அதைப் படிப்பதும் லேசில்லை. புள்ளி பெரும்பாலும் இருக்காது, ப-வும் வ-வும் ஒண்ணு மாதிரியே இருக்கும்.

செங்கம் பக்கத்துல இன்னைக்கும் பல நடுகற்களுக்கு மஞ்சள் பூசி, பொங்கல் வச்சுக் கும்பிடுறாங்க. சாமி பேர் வேடியப்பன். கல்லில் வெட்டியிருக்கிற பேர் வேற. அது எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில அப்படியே இருக்கு.