குப்பையைப் பிரிக்கக் கற்கும் ப்ரீ-கேஜி குழந்தை: பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

ஜூன் 5 நெருங்கினால் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மெசேஜ் வந்துவிடும்: "நாளை என்விரான்மென்ட் டே. பச்சை டிரஸ். 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' மாடல் ஒன்று." ஆபீஸ் முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடைக்கு ஓடி, புதுசா தெர்மாகோலும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் தேடிய அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் ஸ்ட்ரா, பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி ஆகிய மூன்றுமே 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டவை.

இப்படி ஒரு நாள் கொண்டாட்டத்தில் மூன்று வயதுக் குழந்தை என்ன கற்கிறது? வேறு எப்படிக் கற்றுக்கொடுக்கலாம்?

பாடத்திட்டம் என்ன சொல்கிறது?

எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை அடித்தள நிலை என்று வகுத்தது. அதற்காக 2022 அக்டோபரில் வெளியான பாடத்திட்டச் சட்டகம், சுற்றியுள்ள இயற்கை மீது குழந்தைக்கு நல்ல மதிப்பு வளர வேண்டும் என்பதை ஒரு தனி இலக்காகவே வைத்திருக்கிறது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை என்றும் அது சொல்கிறது. அதாவது, விளையாட்டும் தினசரிப் பழக்கமும்தான் இங்கே பாடம்.

இந்த வயதில் என்ன புரியும்?

'மறுசுழற்சி', 'புவி வெப்பமடைதல்' எல்லாம் மூன்று வயதுக் குழந்தைக்கு வெறும் சத்தம்தான். ஆனால் இது வேறு, அது வேறு என்று பிரித்து வைப்பது அந்த வயதுக்குப் பிடித்த விளையாட்டு. வாழைப்பழத் தோல் ஒரு பக்கம், பிஸ்கட் கவர் இன்னொரு பக்கம் என்று ஒரு விதி கொடுத்தால் போதும். ஐந்து வயதில், "இது அப்புறம் எங்கே போகும்?" என்ற கேள்வி தானாக வரும்.

தொட்டியின் நிறத்தை மனப்பாடம் செய்யவைப்பதால் மட்டும் பெரிய பயன் இல்லை. பல ஊர்களில் பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காத குப்பைக்கு. கர்நாடக உயர் நீதிமன்றம் 2015-ல் பெங்களூருவில் கட்டாயமாக்கிய 'இரண்டு தொட்டி, ஒரு பை' முறையில் பச்சைத் தொட்டி ஈரக் கழிவுக்கு, சிவப்பு டயபர் போன்றவற்றுக்கு, உலர் கழிவுக்குத் தனிப் பை. வேலை மாறி ஊர் மாறினால் நிறமும் மாறிவிடும். "இதை மண்ணுல போட்டா மக்கிடுமா?" என்ற கேள்வி எந்த ஊருக்கும் பொருந்தும்.

பிரித்தது எங்கே போகிறது?

இதுதான் முக்கியம். குழந்தை கவனமாகப் பிரித்துப் போட்டதை, சாயங்காலம் ஆயா ஒரே மூட்டையில் கொட்டுவதைப் பார்த்தால், 'இது சும்மா ஒரு விளையாட்டு' என்ற பாடம்தான் மனதில் நிற்கும்.

இந்தூரில் குப்பை வண்டியிலேயே தனித்தனி அறைகள் உண்டு. அங்கே 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து எரிவாயு தயாரிக்கும் திறன் கொண்டது. அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. "நீ போட்ட தோல்லதான் பஸ் ஓடுது" என்று அங்குள்ள டீச்சர் தாராளமாகச் சொல்லலாம்.

குவாஹாட்டி அருகே பமோஹியில் பர்மிதா சர்மாவும் மஜின் முக்தாரும் 2016-ல் தொடங்கிய அக்ஷர் பள்ளி இன்னொரு வழியைக் காட்டியது. அக்கம்பக்கத்தில் குளிர்காய எரித்த பிளாஸ்டிக்கின் புகை வகுப்பறைக்குள் வந்தது. அதனால் பிள்ளைகள் வாரம் 25 பிளாஸ்டிக் பொருட்களைக் கட்டணம் போலக் கொண்டுவர வேண்டும் என்று பள்ளி கேட்டது. அவற்றை பாட்டில்களில் அடைத்துக் கட்டுமானக் கற்களாகப் பயன்படுத்தினார்கள். எரிக்காமல் வைத்த கவர் என்ன ஆனது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஒரு மண்தொட்டியில் பழத்தோல், காய்ந்த இலை, சாக்லேட் கவர் மூன்றையும் புதைத்து, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒரு மாதம் கழித்துக் குழந்தையோடு தோண்டிப் பாருங்கள். கவர் மட்டும் அப்படியே இருக்கும். விளக்கமே வேண்டாம்.
* பழைய பேப்பர்காரர் வரும்போது குழந்தையும் பக்கத்தில் நிற்கட்டும். எதை எடுத்துக்கொள்கிறார், எதை வேண்டாம் என்கிறார் என்று பார்க்கட்டும். தண்ணீர் பாட்டில் விலை போகும். சிப்ஸ் பாக்கெட் போகாது.
* ஆகவே ஸ்நாக்ஸுக்கு பாக்கெட்டை விட எவர்சில்வர் டப்பாவே மேல். குப்பையைப் பிரிப்பதை விட, வராமல் தடுப்பது சுலபம்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

பட்டன் பேட்டரி, உடைந்த கண்ணாடி, மாத்திரை அட்டை, டயபர் எதையும் குழந்தை தொடக் கூடாது. பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கழுவிக் காயவைத்த பொருட்களை மட்டும் கொடுங்கள்; முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். "பூமி அழியப் போகுது" என்று பயமுறுத்தவும் வேண்டாம். நாலு வயதுக் குழந்தையால் சரிசெய்ய முடியாத பயம் அது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, குழாயை மூடுவது ஆகியவை அதன் கைக்கு எட்டுகிற வேலைகள்.

அட்மிஷனுக்குப் போகும்போது என்ன கேட்பது?

ஏசி கிளாஸ் இருக்கா, கேமரா இருக்கா என்று கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "பிள்ளைகள் பிரித்துப் போடும் குப்பை சாயங்காலம் எங்கே போகிறது?" பதில் தெளிவாக வந்தால், அங்கே பாடம் தினமும் நடக்கிறது. வரவில்லை என்றால் குறை சொல்லிவிட்டு வர வேண்டாம். தோட்டத்து மூலையில் ஒரு உரத்தொட்டி வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முன், உங்கள் அபார்ட்மென்ட்டில் நீங்கள் பிரித்துக் கொடுப்பது எங்கே போகிறது என்பதையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். அடுத்து அந்தக் கேள்வியைக் கேட்கப்போவது உங்கள் குழந்தைதான்.