ஈரலைத் தொட்ட நெருப்பு

நோய்க்கு நெருப்பை மருந்தாக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. அரபியில் அதற்குக் ‘கய்’ என்று பெயர். தேனோடும் இரத்தம் குத்தி எடுத்தலோடும் சூட்டையும் நிவாரண வழியாகக் குறிப்பிட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், தம் உம்மத்தினர் அதனை நாடுவதை விரும்பவில்லை. ஆயினும் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் காயத்திற்குச் சூடிட்டதாகவும் ஹதீஸில் காண்கிறோம். வேறு வழியிருக்கச் சூட்டை நாடலாகாது என்று உலமாக்கள் பலர் விளக்கம் தந்தனர்.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்து ஏறத்தாழ 1013-இல் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியின் ‘அத்தஸ்ரீஃப்’ 30 பாகங்கள் கொண்டது. இறுதிப் பாகம் அறுவை மருத்துவம். அதன் முதற்பகுதி முழுவதும் சூட்டுக்கோல்களைப் பற்றியது, படங்களுடன். ஈரலில் சீழ் கோத்தால் பழுத்த மெல்லிய கோலால் துளைத்துச் சீழை வெளியேற்றும் முறையை அதில் எழுதினார். தொடக்க நிலைப் புற்றாயின் அதன் விளிம்பைச் சுற்றிலும் சுடுக என்றார். முற்றிய புற்றை எவரும் குணப்படுத்தக் கண்டதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலோ, காமாலை என்றதும் சூடு போடலாமா என்ற பேச்சு இன்றும் சில வீடுகளில் எழுகிறது. கையிலும் வயிற்றிலும் இடும் அச்சூடு தோலோடு நின்றுவிடும், ஈரலைத் தொடாது. அவ்வாறு கழியும் மாதங்களில், உள்ளே கட்டி இருந்தால், அது வளர்ந்துவிடுகிறது. 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிக்கே இன்றைய வெப்ப மருத்துவம் நன்கு பலிக்கும் என்பதால் அம்மாதங்கள் விலைமதிப்பற்றவை. ஈரல் சுருங்கிய நோயாளிகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கவேண்டும் என்பதும் இதனாலேயே. கோரிமேட்டு ஜிப்மர் நமக்குத் தொலைவா என்ன?

உயர் அதிர்வு மின்னோட்டம் தசையைத் துடிக்கவைக்காமலே உடலுள் செல்லும் என்று 1891-இல் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் காட்டினார். அதைக்கொண்டு தோலின் வழியே ஊசி செலுத்தி ஈரலுக்குள் சுடலாம் என்று 1990-இல் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இரு குழுக்கள் தனித்தனியே விலங்குகளில் நிறுவின. சில ஆண்டுகளிலேயே மனிதருக்கும் அது வந்தது. ஊசிமுனையைச் சுற்றி 60 பாகை செல்ஸியஸுக்கு மேல் வெப்பம் ஏறினால் திசு வெந்து மடிகிறது. கட்டியோடு அதன் ஓரத்தையும் சற்றுச் சேர்த்தே சுடுகிறார்கள். ஸஹ்ராவி விளிம்பைச் சுடச் சொன்னது நம் நினைவுக்கு வருகிறது.

வெந்த கட்டியை எவரும் வெட்டி எடுப்பதில்லை. அது உள்ளேயே கிடக்கிறது. பயனற்ற சாம்பல் என்று எண்ணப்பட்ட அதிலிருந்து புற்றின் அடையாளப் பொருள்கள் கசிகின்றன. 1962-இல் ரிட்டோஸா பழ ஈக்களில் கண்ட வெப்ப விளைவின் வழியே பின்னர் அறியப்பட்ட ‘வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும்’ உடன் வருகின்றன. 1973-இல் ஸ்டைன்மன், கோன் இருவரும் அறிவித்த டென்ட்ரைட்டிக் அணுக்கள் அவற்றை ஏந்திச்சென்று, மக்தபில் உஸ்தாத் பாடம் ஓதிக்கொடுப்பதுபோல், டி அணுக்களுக்குப் பகைவனை அடையாளம் காட்டுகின்றன. சூட்டுக்குப் பின் புற்றை அறியும் டி அணுக்கள் இரத்தத்தில் பெருகுவது நோயாளிகளிடமே காணப்பட்டது. அரிதாகச் சிலருக்கு, சுடப்படாத தொலைவிலுள்ள கட்டியும் சுருங்கியதுண்டு.

ஆனால் இவ்விழிப்பு பெரும்பாலும் சிறிது காலமே நிற்கிறது. சுட்ட பின் ஐந்தாண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. அரைகுறையாகச் சுட்டால் எஞ்சிய புற்று மேலும் மூர்க்கமாகலாம். ஆகவே நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகளை உடன் சேர்த்துப் பார்த்தனர். 2017-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தார், சில கட்டிகளைச் சுட்டோ வேறு வழியில் சிதைத்தோ ட்ரெமெலிமுமாப் மருந்தும் கொடுத்தனர். மதிப்பிடத்தக்க 19 பேரில் 5 பேருக்குத் தொடப்படாத கட்டிகள் சுருங்கின. அடுத்து, அறுவையோ வெப்பச் சிகிச்சையோ முடிந்த 668 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், அட்டிஸோலிஸுமாப், பெவாசிஸுமாப் இரண்டையும் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்ததாக 2023-இல் அறிவித்தார்கள். 2024-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது அந்த நன்மை நிலைக்கவில்லை.