போடி மலையடிவாரத்தில் மனநோயும் மருந்தும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் வீட்டார் முதலில் தேடிப் போனது கோடாங்கியை. மதுரை, தேனிச் சீமையில் உடுக்கடித்துக் குறி சொல்பவருக்கு அதுதான் பெயர். தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசி, யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறவரை ராத்திரியில் கோடாங்கிமுன் உட்கார வைப்பார்கள். வேப்பிலை, திருநீறு, உடுக்குச் சத்தம். தலைவிரித்து ஆடுகிறவரிடம் “நீ யாரு, எங்க வச்சுப் பிடிச்ச?” என்று கேள்வி போகும். ஓடைக்கரை, புளியமரத்தடி என்று பதில் வரும். உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியடிப்பதும் உண்டு.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளினால் முக்கியமான ஒன்று விட்டுப்போகும். பழி பேயின்மேல் விழுந்தது, நோயாளியின்மேல் அல்ல. புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகள் பேயின் வாயால் தன் குறையைச் சொன்னாள். சொந்தபந்தம் சுற்றி உட்கார்ந்து கேட்டது. ஆனால் அதே ராத்திரியில் அடியும் மிளகாய்ப் புகையும் இருந்தன. அவற்றுக்கு எந்த நியாயமும் கிடையாது. காத்திருக்க முடியாத நோய்களும் இருந்தன. பிள்ளை பெற்ற இரண்டு வாரத்துக்குள் சில தாய்மார்களுக்குத் தூக்கம் அற்றுப்போகும், பேச்சு குழறும், பெற்ற குழந்தையைக் கண்டே மிரட்சி வரும். ஜன்னி என்றும் பேய் என்றும் சொல்லப்பட்ட இந்நிலை உடனடி மருத்துவத்தால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. தள்ளிப்போட்டால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து.

மருந்துக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. சென்னையில் 1794இல் மனநோயாளர் விடுதி ஏற்பட்டு, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928இல்தான். ரயில் வந்த பிறகும் கீழ்ப்பாக்கம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே சேர்க்கப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஏலக்காட்டுக் கூலிக் குடும்பம் நோயாளியை நீதிமன்றப் படியேற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோவது நடக்கிற காரியமா? கோயிலும் தர்காவும் எட்டுகிற தொலைவில் இருந்தன, எதையும் எழுதிக் கேட்கவில்லை.

அந்த இடங்களில் ஆறுதலும் கிடைத்தது, கொடுமையும் நடந்தது. தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. அங்கே மருந்து இல்லை; மிரட்டாத, விரட்டாத சூழல் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு வருவோரைத் தங்கவைத்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. சங்கிலியில் கட்டிய காப்பகங்கள் மூடப்பட்டன.

மதுரையில் 1992இல் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை தென்மாவட்டங்களில் மறுவாழ்வுப் பணியை முன்னெடுத்தது. 1996இல் பிறந்த மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் திருச்சியில் கால்வைத்து, பின்னாளில் தேனி உட்பட எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போடியிலிருந்து பஸ்ஸிலேயே போய்வரலாம்.

ஏலக்காட்டில் இன்னொரு ஆபத்து கைக்கெட்டும் தூரத்திலேயே உண்டு. இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் தாக்கும் ஏலச்செடிக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பார்கள்; மனமுடைந்த நேரத்தில் அந்த டப்பா பக்கத்திலேயே இருக்கும். மருந்தைக் குடித்துப் பிழைத்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போலீஸ் விசாரணைக்குப் பயந்த காலம் நெடியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையும் அதே சட்டம் தடைசெய்தது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற இலவச எண்ணில் மனநல உதவிக்கு எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஆனாலும், விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காட்டுக்குப் போய், பொழுது சாய இறங்குகிறவர்களுக்கு மாத மாத்திரை வாங்கப் போவதென்றால் இன்றும் ஒரு நாள் கூலி போகிறது.